நைட் டூட்டி எத்தனை வருஷம்?

செருப்பு கிடக்கிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும், அண்ணன் மகள் நைட் முடித்து வந்திருக்கிறாளா, பகல் டூட்டிக்குப் போகிற வழியில் எட்டிப் பார்க்கிறாளா என்று. நைட் என்றால் ஒன்று வாசலிலும் இன்னொன்று படியிலும் கிடக்கும். போன வாரம் அப்படித்தான் வந்தாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஐ.சி.யூ. ஸ்டாஃப் நர்ஸ், ஒன்பது வருஷ சர்வீஸ். உட்கார்ந்ததும் போனை என் பக்கம் நீட்டினாள்.

“அத்தே, நைட் பாக்குறவங்களுக்கு மார்புல கேன்சர் வருமாம். டென்மார்க்ல அதுக்கு நஷ்டஈடே குடுக்குறாங்களாம். எங்க குரூப்ல போட்டிருக்காங்க. நெஜமா?”

நான் ஒரு பெண்கள் கல்லூரியில் முப்பது வருஷம் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தவள். நிஜமா என்று கேட்டால், எவ்வளவு நிஜம் என்று திருப்பிக் கேட்கிற கெட்ட பழக்கம் உண்டு. பாலை அடுப்பில் வைத்துவிட்டு, “ஒரு டம்ளர் டீக்குள்ள முடியாதுடி இது” என்றேன்.

“தூக்கம் வர்ற வரைக்கும் சொல்லுங்க.”

நஷ்டஈடு கொடுத்தது உண்மை. பல வருஷம் இரவு வேலை பார்த்து, பிறகு மார்பகப் புற்றுநோய் வந்த சுமார் 40 பெண்களுக்கு டென்மார்க் அரசு பணம் கொடுத்திருக்கிறது என்று 2009இல் உலகச் செய்திகளில் வந்தது. வாரத்துக்கு ஒரு இரவாவது, இருபது வருஷத்துக்கு மேல் பார்த்திருக்க வேண்டும். குடும்பத்தில் அந்த நோய் இருந்ததா என்பதையும் பார்த்தார்கள். கேட்டவர்கள் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஆனாலும் ஒரு நாடு முதல் தடவையாக, இந்த நோய்க்கு இந்த வேலை காரணமாக இருந்திருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டது. அதற்குப் பின்னால் ஒரு ஆராய்ச்சியாளரின் பல வருஷ உழைப்பு இருக்கிறது. யோஹ்னி ஹான்சன் என்று பெயர். டேனிஷ் புற்றுநோய்க் கழகத்தில் இருந்தவர்.

அவரிடம் போவதற்கு முன்னால் அவளை இத்தாலிக்குக் கூட்டிப் போனேன். முகம் சுளித்தாள். ஆனால் அங்கேதான் ஆரம்பம்.

மோதெனா என்ற ஊரில் பெர்னார்தினோ ராமத்சீனி என்று ஒரு மருத்துவப் பேராசிரியர். 1633இல் பிறந்தவர். அவர் வீட்டுக் கழிவுக்குழியைச் சுத்தம் செய்ய ஆட்கள் வந்திருக்கிறார்கள். ஒருவன் மட்டும் பதறிப் பதறி வேலை செய்கிறான். ஏனப்பா இந்த அவசரம் என்று கேட்டாராம். நாலு மணி நேரத்துக்கு மேல் அந்தக் குழிக்குள் இருந்தால் கண் போய்விடும் என்றானாம் அவன். வெளியே வந்ததும் கண்களைப் பார்த்தார். சிவந்து, மங்கிக் கிடந்தன. அதோடு விடாமல் பட்டறை பட்டறையாக, கடை கடையாக இறங்கிவிட்டார். குயவர், கண்ணாடி ஊதுகிறவர், அச்சுக் கோக்கிறவர், வண்ணான், மருத்துவச்சி, பாலூட்டும் தாதி. 1700இல் தொழிலாளர் நோய்கள் பற்றி ஒரு புத்தகம் போட்டார். 1713இல் அதையே விரித்து மறுபடி போட்டார். ஐம்பதுக்கும் மேற்பட்ட தொழில்கள். நோயாளியிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று ஹிப்போகிரட்டீஸ் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தார். அதில் இன்னொரு கேள்வியைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார் ராமத்சீனி: என்ன தொழில் செய்கிறாய்?

பாலூட்டும் தாதிகளைப் பற்றிய அத்தியாயத்தில்தான் அவர் இன்னொன்றையும் கவனித்து எழுதினார். இத்தாலியக் கன்னியர் மடங்களில் மார்பகப் புற்றுநோய் மற்றப் பெண்களைவிட அதிகமாக இருக்கிறது. மணமாகாத வாழ்க்கையே காரணம் என்று அவர் நினைத்தார். கவனித்தது சரி; சொன்ன காரணம் அரைகுறை. 1842இல் ரிகோனி ஸ்டெர்ன் என்ற மருத்துவர் வெரோனா நகரின் எண்பது வருஷ மரணப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். கன்னியரிடம் மார்பகப் புற்றுநோய் அதிகம், கருப்பைப் புற்றுநோய் மிகக் குறைவு. ஒரே பெண்கள், இரண்டு நோய்கள், எதிரெதிர்த் திசை.

“ரெண்டாவது எங்களுக்குத் தெரியும். எச்.பி.வி.” என்றாள். நர்ஸ் அல்லவா. கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு வைரஸ் காரணம், அது உடலுறவில் தொற்றுவது. அதைக் கண்டுபிடித்த ஹரால்ட் ட்சுர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. மார்பகத்துக்குக் காரணம் வேறு: பிள்ளைப்பேறும் தாய்ப்பால் கொடுப்பதும் ஓரளவு காப்பு, பிள்ளை பெறாதவர்களுக்கு அந்தக் காப்பு இல்லை. பதிவேடு பார்த்தவருக்கு வைரஸும் தெரியாது, ஹார்மோனும் தெரியாது. யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று எண்ணத் தெரிந்தது. எண்ணுவதற்கு ஒரு நோட்டும் இருந்தது. இந்த நோட்டு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள் என்றேன்.

டீயை வடிகட்டினேன். அவளுக்குச் சர்க்கரை தூக்கல்.

ராமத்சீனிக்கு இருநூறு வருஷம் கழித்து இங்கிலாந்தில் ஜேனட் லேன் கிளேப்பன் என்ற பெண் மருத்துவர் எண்ணுகிற முறையையே ஒழுங்குபடுத்தினார். 1926இல் வந்த அவருடைய அறிக்கையில் மார்பகப் புற்றுநோய் வந்த 500 பெண்கள் ஒரு பக்கம், அது வராத 500 பெண்கள் இன்னொரு பக்கம். இரண்டு பக்கத்தாரிடமும் ஒரே கேள்விகள்: எப்போது கல்யாணம், எத்தனை பிள்ளை, பால் கொடுத்தீர்களா? பதில்கள் எங்கே வேறுபடுகின்றன என்று பார்த்தால் துப்புக் கிடைக்கும். இன்று உலகம் முழுக்க மருத்துவக் கல்லூரிகளில் நடத்துகிற ஒப்பீட்டு முறை இதுதான். அந்த அம்மாள் 1929இல் கல்யாணம் செய்துகொண்டார், ஆராய்ச்சி அதோடு நின்றது. மணமான பெண்ணுக்கு அரசு வேலை இல்லை என்ற வழக்கம் அங்கே 1946 வரைக்கும் இருந்தது. பெண்களின் உடம்பைப் பற்றி அவ்வளவு நுட்பமாக எண்ணியவரை, பெண் என்பதற்காகவே கணக்கிலிருந்து கழித்துவிட்டார்கள். வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும், இப்போதும் வந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெண்ணுக்குப் புற்றுநோய் என்றால் எல்லோரும் பார்த்த இடம் கல்யாணம், பிள்ளை, பால், அம்மாவுக்கு இருந்ததா, பாட்டிக்கு இருந்ததா. ஆணுக்கு வந்தால் சுரங்கமா, சாயப்பட்டறையா, கல்நாரா என்று கேட்டார்கள். ராமத்சீனியின் கேள்வியைப் பெண்ணிடம் கேட்க ரொம்ப நாள் ஆயிற்று.

கேட்டவர்களில் ஒருவர் ஹான்சன். அவருக்கு அமைந்த வசதி அப்படி. டென்மார்க்கில் 1940களிலிருந்து நாடு முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. 1968இலிருந்து நாட்டில் வசிக்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு எண். 1964இலிருந்து கட்டாய ஓய்வூதிய நிதி. யார் எந்த நிறுவனத்தில் எத்தனை நாள் வேலை பார்த்தார் என்பது அதில் இருக்கும். எண்ணைப் பிடித்துக்கொண்டு ஒரு ஏட்டிலிருந்து இன்னொரு ஏட்டுக்குப் போகலாம். 1935க்கும் 1959க்கும் இடையில் பிறந்து, 30 முதல் 54 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வந்த சுமார் 7,000 பெண்களை எடுத்தார். ஒவ்வொருவருக்கும் அதே வயதில், நோய் வராத ஒரு பெண். இருவரும் என்ன வேலை பார்த்தார்கள்? தொழிலில் இருக்கும் பெண்களில் குறைந்தது அறுபது சதவீதம் பேர் இரவில் வேலை பார்க்கிறார்கள் என்றால் அதை இரவுத் தொழில் என்று கொண்டார். எத்தனை பிள்ளை, முதல் பிள்ளை எந்த வயதில் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டார். இல்லையென்றால் கன்னியர் மடத்துக் கதை இங்கேயும் குறுக்கே வந்துவிடும். 2001இல் முடிவு வெளியானது. இரவுத் தொழிலில் இருந்தவர்களுக்கு ஒன்றரை மடங்கு.

“ஒன்றரை மடங்கா!” டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

இங்கேதான் புள்ளியியல் வாத்தியார் தேவைப்படுகிறார். ஒரு பேச்சுக்குச் சொல்கிறேன்: பகலில் வேலை பார்க்கிற ஆயிரம் பெண்களில் இருபது பேருக்கு வருகிறது என்று வைத்துக்கொள். ஒன்றரை மடங்கு என்றால் இரவில் பார்க்கிற ஆயிரம் பேரில் முப்பது பேருக்கு. மீதி 970 பேருக்கு வரவில்லை. தனி ஒருத்திக்கு இது சின்ன வித்தியாசம். ஆனால் ஒரு நாட்டில் லட்சக்கணக்கான பெண்கள் இரவு வேலை பார்க்கும்போது அந்தக் கூடுதல் பத்து எத்தனை பத்தாகிறது பார். மருத்துவர் ஒருத்தியைப் பார்க்கிறார், ஆராய்ச்சியாளர் ஆயிரம் பேரைப் பார்க்கிறார். இருவர் சொல்வதும் அதனால்தான் வேறுவேறு மாதிரி காதில் விழும்.

“சரி, ராத்திரிக்கும் கட்டிக்கும் என்ன சம்பந்தம்?”

வெளிச்சம்தான் சந்தேகம். இருட்டினால் மூளைக்குள் இருக்கும் பினியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனைச் சுரக்கும். கண்ணில் பளிச்சென்று விளக்குப் பட்டால் அது நின்றுவிடும். மின்விளக்குக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று 1987இலேயே ரிச்சர்ட் ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கர் ஒரு யூகத்தை எழுதினார். வெறும் யூகம்தான். 2005இல் டேவிட் பிளாஸ்க் என்பவர் ஒரு சோதனை செய்தார். எனக்கு இந்தச் சோதனை ரொம்பப் பிடிக்கும். மனித மார்பகப் புற்றுக் கட்டியை எலிகளில் வளர்த்தார். தானம் கொடுக்க வந்த பெண்களிடம் மூன்று வேளை ரத்தம் எடுத்தார்: பகலில், இரவு இருட்டில், இரவில் பளீர் வெளிச்சத்தில் உட்கார வைத்த பிறகு. அந்த ரத்தத்தைக் கட்டிக்குள் பாய்ச்சினார். இருட்டில் எடுத்த ரத்தம் பாய்ந்தபோது கட்டியின் வளர்ச்சி அடங்கியது. வெளிச்சத்தில் எடுத்தது பகல் ரத்தம் போலவே நடந்துகொண்டது. ராத்திரி மூன்று மணிக்கு ஐ.சி.யூ.வில் எத்தனை டியூப் லைட் எரிகிறது என்று நான் அவளிடம் கேட்கவில்லை. அவளே மேலே பார்த்தாள்.

எலியில் நடந்தது மனுஷியிலும் அப்படியே நடக்கும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. வெளிச்சம் மட்டும்தானா, தூக்கம் கெடுவதா, உடம்பின் நாள்கணக்கு குழம்புவதா என்பதும் பிரித்துச் சொல்லக் கடினம். என்றாலும் 2007 அக்டோபரில் பிரான்சின் லியோன் நகரில் இருக்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை கூடி, உடம்பின் நாள்கணக்கைக் குலைக்கும் ஷிப்ட் வேலையை ‘அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது’ என்ற 2ஏ வகுப்பில் வைத்தது. டென்மார்க் நஷ்டஈடு கொடுக்க ஆரம்பித்தது அதன் பிறகுதான்.

இந்த 2ஏ என்பதைக் கேட்டுத்தான் வாட்ஸாப் அலறுகிறது. அந்த வகுப்பில் வேறு யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் தெரியுமா என்று கேட்டேன். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி எல்லாம் சேர்ந்த சிவப்பு இறைச்சி. 2016இலிருந்து, 65 டிகிரிக்கு மேல் சூடான பானங்கள். அவள் கையிலிருந்த டம்ளரைப் பார்த்தாள்.

“அதுக்குத்தான் ஆத்திக் குடுத்தேன்” என்றேன்.

அந்த மார்க், சாட்சி எவ்வளவு பலமானது என்பதற்குக் கொடுப்பது. அடி எவ்வளவு பலமாக விழும் என்பதற்கு அல்ல. சாட்சி வலுவாக இருந்து ஆபத்து சின்னதாக இருக்கலாம்; சாட்சி பலவீனமாக இருந்து ஆபத்து பெரிதாகவும் இருக்கலாம். இதைப் பத்திரிகைக்காரர்களுக்குப் புரியவைக்க அந்த முகமையே படாதபாடு படுகிறது.

ஹான்சன் 2001 முடிவோடு உட்கார்ந்துவிடவில்லை. பதிவேட்டில் தொழில் இருக்கும். இன்னார் இரவில்தான் பார்த்தாரா என்பது இருக்காது. மதுப் பழக்கம் இருக்காது. ஆகவே ஆட்களிடமே கேட்கப் போனார். 2012இல் இரண்டு ஆய்வுகள் வந்தன. ஒன்று டென்மார்க் ராணுவத்தில் வேலை பார்த்த 18 ஆயிரத்துச் சொச்சம் பெண்களிலிருந்து. வாரத்துக்கு ஒன்றிரண்டு இரவு பார்த்தவர்களிடம் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றும் அதற்கு மேலும், வருஷக்கணக்காகப் பார்த்தவர்களிடம் தெரிந்தது. அதிலும் விடிகாலையில் தானே விழிக்கிற சுபாவம் உள்ளவர்களிடம் அதிகம். இன்னொன்று, அந்த ரிச்சர்ட் ஸ்டீவன்ஸோடு சேர்ந்து, நர்ஸ்களைப் பற்றி.

தூக்கம் கலைந்துவிட்டது அவளுக்கு. “சொல்லுங்க.”

நோய் வந்த 267 நர்ஸ்கள், வராத 1,035 நர்ஸ்கள். நள்ளிரவுக்குப் பிறகும் நீளுகிற டூட்டி மாறி மாறிப் பார்த்தவர்களுக்கு 1.8 மடங்கு. பகலும் நைட்டும் மாறி மாறிப் பல வருஷம் பார்த்தவர்களுக்கு அதற்கும் மேலே. சாயங்கால டூட்டி மட்டும் பார்த்தவர்களுக்குக் கூடுதல் இல்லை. நள்ளிரவுக்கு முன்னாலேயே வேலை முடிந்து, வீட்டுக்குப் போய் இருட்டில் படுத்துவிடுகிறார்களே.

இதை இத்தோடு நிறுத்தினால் நானும் அந்த வாட்ஸாப் குரூப்பில் சேர்ந்துவிட வேண்டியதுதான். எதிர்க்கட்சி வாதமும் உண்டு, லேசுப்பட்டதல்ல. 2016இல் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. பிரிட்டனின் பத்து லட்சம் பெண்கள் ஆய்வையும் மற்றவற்றையும் சேர்த்து, மொத்தம் 14 லட்சம் பெண்கள். முடிவு: இரவு வேலைக்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. இருபது, முப்பது வருஷம் பார்த்தவர்களிடம்கூட இல்லை.

“அப்ப டென்மார்க்காரர் சொன்னது தப்பா?”

அவசரப்படாதே என்றேன். அந்தப் பிரிட்டிஷ் பெண்களிடம் இரவு வேலை பற்றிக் கேட்டபோது அவர்களின் சராசரி வயது 68. அதன் பிறகு சராசரியாக இரண்டரை வருஷம்தான் கவனித்தார்கள். நைட் பார்த்ததெல்லாம் எப்போதோ. இள வயதில் நோய் வந்தவர்கள் அந்தக் கணக்குக்குள் வந்திருக்கவே மாட்டார்கள். அமெரிக்காவில் நர்ஸ்களை வைத்து நடக்கும் பெரிய ஆய்வு இதற்கு ஒரு வழி காட்டியது: வயதான நர்ஸ் குழுவில் தொடர்பு இல்லை, இளையவர்கள் குழுவில், ஆய்வு தொடங்கும் முன்பே இருபது வருஷத்துக்கு மேல் மாறும் நைட் பார்த்தவர்களிடம் தொடர்பு இருந்தது. மாதவிலக்கு நிற்காத வயதில், வாரத்துக்குப் பல இரவுகள், பல வருஷங்கள். ஆபத்து இருந்தால் இந்தச் சந்திப்பில்தான் இருக்க வேண்டும், வேலையை விட்ட பிறகு மெல்லத் தணிந்துவிடலாம் என்பது என் கணிப்பும். 2019இல் லியோன் முகமை எல்லா ஆய்வுகளையும் மறுபடி கொட்டிப் பார்த்தது. ஒரு படி ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. 2ஏ அப்படியே இருக்கிறது.

“அப்ப என்னதான் பண்றது? நைட் வேணாம்னா வேலை போயிரும்.”

அவள் கேட்டதில் ஒரு பழைய சண்டை ஒளிந்திருக்கிறது. 1948ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு பெண்களை இரவில் வேலை வாங்கக் கூடாது என்றது. பாதுகாப்பு என்று பெயர். அதனால் வேலையும் கூலியும் போகிறது என்று பெண்களே வழக்குப் போட்டார்கள். 2000 டிசம்பரில் நம் சென்னை உயர் நீதிமன்றம்தான் அந்தத் தடை அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தள்ளியது. நல்ல தீர்ப்பு. ஆனால் இந்தப் பேச்சு முழுக்கப் பாதுகாப்பு என்றால் வண்டி வசதி, காவல், ஆண்களிடமிருந்து காப்பு என்ற அளவில்தான் இருந்தது. விளக்கு வெளிச்சம் யார் நினைவிலும் இல்லை. இன்னொரு வேடிக்கை, ஆஸ்பத்திரி தொழிற்சாலை இல்லை என்பதால் நர்ஸ்களை அந்தச் சட்டம் ஒருநாளும் காக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. சட்டம் இருந்த காலத்திலும் அவர்கள் நைட் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

டென்மார்க் பெண்களுக்குத் தடை போடவில்லை. அங்கே வேலைச் சூழல் ஆராய்ச்சியாளர்கள் சொன்னது வேறு: தொடர்ந்து மூன்று நைட்டுக்கு மேல் போடாதே. ஒரு ஷிப்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் குறைந்தது பதினோரு மணி நேரம் விடு. நைட் ஒன்பது மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. கர்ப்பிணிக்கு வாரத்துக்கு ஒரு நைட்டுக்கு மேல் வேண்டாம். இதில் பணச் செலவு எதுவும் இல்லை. ரோஸ்டர் எழுதுகிறவர் பென்சிலைக் கொஞ்சம் யோசித்து நகர்த்தினால் போதும்.

“எங்க ரோஸ்டர்ல ஆறு நைட் சேர்ந்து வரும். முடிச்சு ஒரு ஆஃப், அடுத்த நாள் மார்னிங்” என்றாள். பன்னிரண்டு மணி நேர நைட். இரண்டு விதிகள் ஒரே வரியில் அடிபட்டுப் போயின.

பகலில் தூங்கும்போது ஜன்னலுக்குக் கனமான துணி போடு, போனைத் தள்ளி வை, கட்டி ஏதாவது கையில் தட்டுப்பட்டால் அடுத்த ஆஃப் வரை காத்திருக்காமல் காட்டு. அத்தை என்ற முறையில் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பயப்படாதே என்றும் சொன்னேன். அது புள்ளியியலோடு ஒத்துப்போகிற வார்த்தைதான்.

பிறகு அந்த நோட்டு விஷயத்துக்கு வந்தேன். வெரோனாவில் மரணப் பதிவேடு இருந்தது, எண்ண முடிந்தது. டென்மார்க்கில் ஓய்வூதிய ஏடு இருந்தது, ஒரு தொழிலுக்கும் ஒரு நோய்க்கும் முடிச்சுப் போட முடிந்தது. நம் நாட்டுத் தொழில்நோய்ப் பட்டியலில் நைட் ஷிப்டால் வரும் மார்பகப் புற்றுநோய் இல்லை. நாளைக்கே சேர்த்தாலும், நீ எத்தனை நைட் பார்த்தாய் என்று எதை வைத்துக் காட்டுவாய்? ஒன்பது வருஷத்தில் எத்தனை என்று கேட்டேன். விரல்விட்டு எண்ண ஆரம்பித்து, நிறுத்திவிட்டாள். ரோஸ்டரை மாசக் கடைசியில் கிழித்துப் போட்டுவிடுவார்களாம்.

அவள் என் கட்டிலிலேயே படுத்துத் தூங்கிவிட்டாள். ஜன்னலுக்குப் பழைய போர்வை ஒன்றை மாட்டினேன். உங்கள் வீட்டிலும் நர்ஸோ, மில் வேலைக்காரியோ, கால் சென்டர் பெண்ணோ இருந்தால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். தேதி, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, தொடர்ந்து எத்தனையாவது நைட். இந்த மூன்றும் போதும். மாசக் கடைசியில் ரோஸ்டரைக் கிழிப்பதற்கு முன்னால் ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.